அண்ணன் பார்க்கச் சொன்னார்

சென்னையில் உங்கள் தெருவிளக்கு எரியவில்லை என்று 1913-க்கு போன் போட்டுப் பாருங்கள். புகார் எண் வரும். இரண்டு நாள் கழித்து, 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வரும். வெளிச்சம் மட்டும் வராது. அதே இருட்டுத் தெருவில் ஒரு லோடு எம்-சாண்ட் கொட்டிப் பாருங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது, ஒரே வண்டியில் இரண்டு பையன்கள் வந்து நிற்பார்கள்.

"சார், மாடி எடுக்குறீங்களா?"

"ஆமாம்பா. பையனுக்குக் கல்யாணம் வருது."

"நல்லது சார். அண்ணன் உங்கள ஒருவாட்டி வந்து பாக்கச் சொன்னாரு."

அவ்வளவுதான். குரல்கூட உயராது. நீங்கள் திட்ட அனுமதி வாங்கியிருக்கலாம், கட்டணம் கட்டிய ரசீதை லேமினேட் செய்து வைத்திருக்கலாம். அதெல்லாம் அரசாங்கம் கொடுத்த அனுமதி. அண்ணன் கொடுக்க வேண்டிய அனுமதி தனி. சதுர அடிக்கு இவ்வளவு, போர் போட்டால் இவ்வளவு, கழிவுநீர் இணைப்புக்குச் சாலையை வெட்டினால் இவ்வளவு. ரசீது கிடையாதே தவிர, மாநகராட்சியின் சொத்து வரியைவிட ஒழுங்கான வசூல். போய்ப் பார்க்காதவரின் மணல் குவியல் முன்னால், 'பொதுமக்களுக்கு இடையூறு' என்று மறுநாளே மாநகராட்சி உதவிப் பொறியாளர் வந்து நிற்பார். விளக்கு எரியாதபோது அவருக்கு வழி தெரியாத அதே தெருதான்.

அண்ணனுக்கு நான் பெயர் வைக்கவில்லை. வேண்டியதும் இல்லை, பேனரிலேயே இருக்கிறது. சென்னையின் 200 வார்டுகளில் எந்த வார்டுக்காரர் இதைப் படித்தாலும் அவரவருக்கு ஒரு முகம் நினைவுக்கு வரும். என்னைவிடச் சரியாகவே வரும். நேர்மையான கவுன்சிலர்களே இல்லையா என்று யாராவது கேட்பீர்கள். இருக்கிறார்கள். அடையாளம் காண்பதும் சுலபம்: அடுத்த தேர்தலில் அவர்களுக்கு சீட் கிடைத்திருக்காது.

அண்ணனின் அரசியல் பசை வாளியில் தொடங்கியது. தொண்ணூறுகளில் இரவெல்லாம் போஸ்டர் ஒட்டினார். அந்த உழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த நாளில் அவர் வியர்வை நிஜம். 1996 அக்டோபரில் சென்னை மாநகராட்சிக்குத் தேர்தல் வந்தது. அதற்கு முன் இருபத்து மூன்று ஆண்டுகள் இந்த நகரத்துக்குத் தேர்ந்தெடுத்த மன்றமே கிடையாது. ஏன் கிடையாது என்பது இளைஞர்களுக்குத் தெரியாது. 1973-ல் மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது. இல்லாத தொழிலாளர்களின் பெயரை வருகைப் பட்டியலில் எழுதி, அவர்கள் பெயரில் கூலி வாங்கியிருந்தார்கள். அன்றைய தி.மு.க. அரசு மன்றத்தையே கலைத்தது. திருடியவர்கள் சிலர்; ஓட்டுப் போடும் உரிமையை இருபத்து மூன்று ஆண்டு இழந்தவர்கள் ஊரே. தண்டனையை யாருக்குக் கொடுப்பது என்பதில் நம் அரசுகளுக்கு எப்போதும் இப்படி ஒரு தாராளம்.

2001-ல் அண்ணன் கவுன்சிலர் ஆனார். ரிப்பன் மாளிகையின் வெள்ளைப் படிகளில் வெள்ளை வேட்டியுடன் ஏறி, எங்கே சுவர் முடிகிறது எங்கே அண்ணன் தொடங்குகிறார் என்று தெரியாமல் படம் எடுத்துக்கொண்டார். கவுன்சிலருக்கு அப்போது மாதச் சம்பளம் கிடையாது, கூட்டத்துக்குப் போனால் ஏதோ அமர்வுப்படி. மதிப்பூதியம் என்று மாதம் 10,000 ரூபாய் வந்ததே 2023-ல்தான். அப்படியானால் 2001 முதல் 2006 வரை அண்ணன் எப்படி ஜீவித்தார்? ஜீவித்தார் என்பதோடு, ஓட்டு வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி எப்படி எழும்பியது? அந்த மாடிக்கு அவர் யாரைப் போய்ப் பார்த்தார்?

வார்டு என்பது பெரிய பள்ளிக்கூடம். மழைநீர் வடிகாலைப் பருவமழை தொடங்குகிற வாரத்தில் தோண்ட வேண்டும் என்று அண்ணன் அங்கேதான் கற்றார். அப்போதுதான் பாதி வேலை தண்ணீரோடு போகும், போனதற்கும் பில் போடலாம். வடிகாலைச் சாலையைவிட உயரமாகக் கட்ட வேண்டும் என்பது அடுத்த பாடம். தண்ணீர் உள்ளே இறங்காவிட்டால் வடிகால் என்றைக்கும் புதுசாகவே இருக்குமல்லவா? பள்ளத்தைச் சுற்றித் தடுப்பு வைப்பது அநாவசியச் செலவு என்பதும் அந்தப் பாடத்திலேயே வரும். 2022 அக்டோபரில், இந்த நகரத்தில் ஓர் இளம் பத்திரிகையாளர் மூடப்படாத வடிகால் பள்ளத்தில் விழுந்து செத்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது 4,000 கோடி ரூபாய் வடிகால் எங்கே என்று ஊர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கேட்டது. அண்ணன் படகில் வந்து ரொட்டி கொடுத்தார். ரொட்டிப் பாக்கெட்டில் ஸ்டிக்கர் இருந்ததா என்று கேட்காதீர்கள். 2015 வெள்ளத்திலேயே நிவாரணப் பொருள்மீது முதலமைச்சர் படம் ஒட்டிய ஊர் இது. தண்ணீர் வடிவதற்கு முன் பசை காய்ந்துவிடுகிற ஊர்.

அண்ணன் கட்சி மாறியவர் என்று எதிரிகள் சொல்வார்கள். அபாண்டம். 2001-லிருந்து அவர் ஒரே கட்சிதான், ஆளுங்கட்சி. அதன் பெயரும் கொடியும் அவ்வப்போது மாறினால் அதற்கு அவர் என்ன செய்வார்? பீரோவில் இரண்டு கரைக்கும் வேட்டி வைத்திருக்கிறார்.

இனி நான் உண்மையிலேயே வியக்கும் அத்தியாயத்துக்கு வருகிறேன். 2016 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடக்க வேண்டும். அறிவித்தார்கள், மனுத்தாக்கலும் செய்தார்கள். அறிவிப்பாணையில் குளறுபடி என்று உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் வார்டு மறுவரையறை, வழக்கு, அவகாசம், இன்னொரு அவகாசம். 2022 பிப்ரவரி 19 வரை சென்னைக்குத் தேர்தல் இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவுன்சிலர் என்ற பதவியில் ஒருவர்கூட இல்லை. தனி அதிகாரி ஆட்சி. மாநகராட்சி மன்றக் கூடத்தில் நாற்காலிகள் காலி.

சட்டப்படி அண்ணன் அப்போது யார்? யாருமில்லை. உங்களையும் என்னையும்போல ஒரு வாக்காளர். ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளில் எந்த மாதமாவது கட்டிங் நின்றதா? மணல் கொட்டிய இடத்துக்குப் பையன்கள் வராமல் இருந்தார்களா? 'மு.க.' என்று லெட்டர்ஹெட்டில் சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான் மாற்றம். முன்னாள் கவுன்சிலர் என்பதன் சுருக்கம். எதிர்க்கட்சித் தலைவரின் இனிஷியல் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டதில் அண்ணனுக்கு ஆட்சேபணை இல்லை. மன்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தேர்தல் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவர் கடை திறந்தே இருந்தது. ஏனென்றால் அவர் அதிகாரம் ஓட்டிலிருந்து வந்ததே அல்ல. ஒரு சாதிச் சான்றிதழுக்கு, ஒரு குடிநீர் இணைப்புக்கு, ஒரு முதியோர் உதவித்தொகைக்கு நாம் அரசு அலுவலகத்துக்குள் போகிறோமே, அந்த வாசற்படியின் குறுக்கே அவர் நிற்கிறார். அங்கிருந்து வருகிறது அவர் அதிகாரம். கதவைத் திறந்து வைத்தால் அண்ணனுக்கு வேலை இல்லை. அதனால் கதவு திறக்காது.

இந்தக் காலத்தில்தான் அண்ணனுக்கு ஞானம் பிறந்தது. 2017 பிப்ரவரியில் கூவத்தூர் சொகுசு விடுதியில் சட்டமன்ற உறுப்பினர்களைக் கொண்டுபோய் வைத்ததை நாம் டி.வி.யில் பார்த்துச் சிரித்தோம், காறித் துப்பினோம். அண்ணன் சிரிக்கவில்லை, நோட்டில் குறித்துக்கொண்டார். கவுன்சிலரைக் கடற்கரை ஓரம் ஏ.சி. அறையில் வைத்து யாராவது காவல் காத்திருக்கிறார்களா? 122 பேர் கை தூக்கினால் ஓர் அரசு நிற்கிறது. இருநூறு பேர் கை தூக்கினால் ரிப்பன் மாளிகையில் ஒரு பூங்காவுக்குப் பெயர் மாறுகிறது. அதே ஆண்டு ஜூலையில் எம்.எல்.ஏ. சம்பளம் 55,000-லிருந்து 1,05,000 ரூபாய் ஆனது. தமிழக விவசாயிகள் மண்டையோடுகளை வரிசையாக வைத்து தில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்த ஆண்டும் அதுவே.

சீட் வாங்குவது தனிக்கலை. வட்டம், பகுதி, மாவட்டம் என்று மேலே போகப்போக, கீழே தான் வாங்கிய அதே முறையில் அண்ணன் கொடுத்துக்கொண்டே போனார். அவரையும் ஒருவர் 'வந்து பார்க்கச்' சொன்னார். 2021-ல் வேட்பாளர். செலவு வரம்பு 30.8 லட்சம் ரூபாய் என்றது தேர்தல் ஆணையம். அண்ணன் அதைவிடக் குறைவாகவே கணக்குக் காட்டினார், சிக்கனக்காரர். ஓட்டுக்குப் பணம் என்ற சூத்திரத்தைத் திருமங்கலம் இடைத்தேர்தல் 2009-லேயே எழுதிக் கொடுத்துவிட்டது, 2017-ல் ஆர்.கே.நகர் தேர்தலையே பணப் பட்டுவாடாவுக்காக ஆணையம் ரத்து செய்ததும், டிசம்பரில் மறுபடி நடந்தபோது இருபது ரூபாய் நோட்டு டோக்கன் ஆனதாகப் பேசப்பட்டதும் ஊரறிந்த கதை. வாங்கினவர்களைத் திட்டுவதற்கு ஒரு கூட்டம் தயாராக இருக்கிறது. மாதம் பன்னிரண்டாயிரம் சம்பாதிக்கிற வீட்டில் ஐந்து ஓட்டுக்கு வருகிற கவரைத் திருப்பிக் கொடு என்று அபார்ட்மெண்ட் பால்கனியிலிருந்து உபதேசம் செய்கிறவர்களில் எத்தனை பேர் ஓட்டுப் போட வரிசையில் நின்றார்கள் என்று சென்னையின் வாக்குப்பதிவு சதவீதத்தைப் பார்த்தால் தெரியும்.

பிரமாணப் பத்திரத்தில் தொழில் என்ற இடத்தில் 'சமூக சேவை' என்று எழுதினார் அண்ணன். சேவையில் சேர்ந்த சொத்தும் அதில் இருந்தது, மனைவி பெயரில் அதிகமாகவும் தன் பெயரில் அடக்கமாகவும். அவர் ஒன்றும் தனிமரம் அல்ல. 2021-ல் தேர்வானவர்களில் 224 பேரின் பத்திரங்களை ஏ.டி.ஆர். அமைப்பு அலசியது: 192 பேர் கோடீஸ்வரர்கள், 134 பேர் மீது குற்றவழக்குகள். வழக்குகளில் மறியல், ஆர்ப்பாட்டம் என்று போட்டவையும் உண்டு, அவற்றை விட்டுவிடலாம். கோடிகளில் மறியல் செய்து வந்தவை எத்தனை என்று தெரிந்தால் நன்றாயிருக்கும்.

ஒரே நேரத்தில் இரண்டு நாற்காலியில் ஒருவர் உட்கார முடியாது என்று 2002-ல் சட்டம் வந்தது. அதே ஆண்டில் அன்றைய மேயர் ஸ்டாலின் மேயர் பதவியை இழந்து எம்.எல்.ஏ.வாக மட்டும் இருந்தார். எதிர்க்கட்சிக்காரரைக் குறிவைத்து அ.தி.மு.க. அரசு கொண்டுவந்த சட்டம் என்று அப்போது பேசினார்கள். அந்தச் சட்டம் ஒருவருக்கு ஒரு பதவி என்றதே தவிர, ஒரு சமையலறைக்கு ஒரு பதவி என்று சொல்லவில்லை. 2022-ல் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அண்ணி கவுன்சிலர் ஆனார். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்பது இந்த மாநிலம் பெருமைப்பட வேண்டிய சட்டம். அதை அண்ணன் எப்படி நடைமுறைப்படுத்துகிறார் பாருங்கள். வார்டு அலுவலகத்தில் அண்ணியின் நாற்காலி இருக்கிறது, அதில் அண்ணனின் தம்பி உட்கார்ந்திருக்கிறான். அண்ணியின் கைபேசி எண் வார்டு முழுக்க எழுதியிருக்கிறது, எடுத்துப் பேசுவது அண்ணனின் பி.ஏ. ஒரு நாள் வீட்டுக்கே போன ஒரு பெண், குடிநீரில் சாக்கடை கலக்கிறது என்று பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் அண்ணியிடம் நேராக நீட்டினார். அண்ணி பாட்டிலை வாங்கினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகம் சுளித்தார். "ஐயையோ, இதையா குடிக்கிறீங்க?" என்றார். உண்மையான அதிர்ச்சி. அடுத்த நொடி உள்ளேயிருந்து குரல்: "யாரு அங்க?" பாட்டில் திரும்பக் கைக்கு வந்தது. "அவர்கிட்டயே சொல்லிடும்மா." பதவி அந்த அம்மாவிடம் இருந்த நேரம் அந்த அரை நிமிடம்தான்.

வென்று கோட்டைக்குப் போன அண்ணன் அங்கே என்ன செய்கிறார்? ஆண்டுக்கு 100 நாள் சட்டமன்றம் நடத்துவோம் என்று தி.மு.க. 2021 தேர்தல் அறிக்கையில் சொன்னது. அதில் பாதியைக்கூட எந்த ஆண்டும் எட்டவில்லை. அதனால் அண்ணனுக்கு அங்கே அலுப்பு ஏற்பட வாய்ப்பில்லை. மானியக் கோரிக்கை விவாதத்தில் ஒரு நாள் பேச வாய்ப்புக் கிடைத்தது. எழுந்து, மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே என்றார். பிறகு தலைவரை வணங்கினார், தலைவரின் தந்தையை வணங்கினார், தலைவரின் மகனை வணங்கினார், தொகுதியைக் கொடுத்த மாவட்டச் செயலாளரை வணங்கினார். மணி அடித்தது. இன்னும் ஒரு நிமிடம் என்று கெஞ்சி, தொகுதியில் ஒரு மேம்பாலம் வேண்டும் என்றார். மாண்புமிகு உறுப்பினரின் கோரிக்கை நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்றார் அமைச்சர். அண்ணன் நன்றி சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டு உட்கார்ந்தார். மேசைகள் தட்டப்பட்டன. அந்த விடியோவுக்குப் பின்னணி இசை சேர்த்து இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். கோட்டை, சிங்கம், கர்ஜனை என்று மூன்று சொற்கள் அதில் ஓடுகின்றன.

ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி வருகிறது. அதில் ஒரு பேருந்து நிழற்குடை கட்டியிருக்கிறார். எஃகுத் தகடு, நீல விளக்கு. 'மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களின்' என்று தொடங்கி அவர் பெயர் இரண்டடி உயரத்தில். நிறுத்தத்தின் பெயரைக் குனிந்து தேட வேண்டும். உட்காரும் இடம் சாய்வாக இருக்கிறது, யாரும் படுத்துவிடக் கூடாதாம். கூரை வெயில் வராத பக்கம் நீண்டிருக்கிறது. மதியம் ஒரு மணிக்கு அதன் நிழல் நடுச்சாலையில் விழுகிறது. பயணிகள் பக்கத்து டீக்கடைத் தார்ப்பாயின் கீழே நிற்கிறார்கள்.

இதுவரை சிரித்துச் சொன்னேன். பேனர் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வராது. 2017-ல் கோவையில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழா அலங்கார வளைவில் மோதி ஓர் இளைஞர் செத்தார். 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருவர் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். சாலைத் தடுப்பில் கட்டியிருந்த பேனர் அவர்மீது விழுந்தது. தடுமாறிக் கீழே விழுந்தவர்மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அது ஒரு முன்னாள் கவுன்சிலர் வீட்டுக் கல்யாணப் பேனர். மகனுக்குக் கல்யாணம், தலைவர்கள் வருகிறார்கள், ஊருக்குத் தெரிய வேண்டும். அனுமதி? கொடுப்பவர்கள் அண்ணன்கள்தானே, கேட்க வேண்டியவர்கள் அல்லவே. பேனர் கூடாது என்று நீதிமன்றம் அதற்கு முன்பே எத்தனையோ முறை சொல்லியிருந்தது. அந்த மாதம் எல்லாக் கட்சிகளும் இனி பேனர் வைக்கமாட்டோம் என்று உருகின. உருகல் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. ஒரு மனிதர் மாடி எடுக்க மணல் கொட்டினால் பொது இடையூறு. ஓர் அண்ணன் நடுச்சாலையில் தன் பல்லை முப்பதடிக்கு நிறுத்தினால் பொது வாழ்க்கை. அந்தப் பல்லுக்குக் கீழேதான் தினமும் நம் பிள்ளைகள் வண்டி ஓட்டிப் போகிறார்கள்.

உள்ளாட்சிப் பிரதிநிதிகள் ஒழுங்கீனம் செய்தால் சர்வாதிகாரியாக மாறி நடவடிக்கை எடுப்பேன் என்று 2022 ஜூலையில் நாமக்கல்லில் முதலமைச்சர் பேசினார். அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார். மணல் லோடுக்கு வருகிற பையன்கள் அன்று அவருடன் நாமக்கல் போயிருந்ததால், எங்கள் பக்கத்தில் அந்த ஒரு நாள் வசூல் இல்லை.

2025 ஆகஸ்ட் முதல் தேதி ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததால் வேலையும் கூலியும் போகிறதென்று போராட்டம். பெரும்பாலும் பெண்கள். கொரோனாவில் நாம் கதவைச் சாத்திக்கொண்டபோது நம் குப்பையை அள்ளியவர்கள். 1973-ல் இல்லாத தொழிலாளிக்குக் கூலி எழுதிய மாநகராட்சி, இருக்கிற தொழிலாளியை இல்லை என்று எழுதப் பழகிவிட்டது. பதின்மூன்று நாள் வெயிலிலும் மழையிலும் நடைபாதையில் கிடந்தார்கள். பலர் வீடு அண்ணனின் தொகுதியில்தான். ஆயுள் முழுக்க அவருடைய மாநாட்டுத் திடலைக் கூட்டிக் கொடுத்தவர்கள். மன்றக் கூட்டத்துக்கு அண்ணியை இறக்கிவிட வரும் கறுப்புக் கண்ணாடி வண்டி அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். கண்ணாடி இறங்கவில்லை.

நீதிமன்ற உத்தரவைக் காட்டி, ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களைத் தூக்கிப் பேருந்துகளில் ஏற்றியது. மறுநாள் அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு உள்ளிட்ட திட்டங்களை அறிவித்தது. வேலையைக் கேட்டவர்களுக்கு இட்லி.

இந்த வேலைக்கென்றே பிறந்தவர் அண்ணன். உணவு கொடுக்கத் தொடங்கிய நாளில் காலை ஆறு மணிக்கே வந்துவிட்டார். கையில் கரண்டி, பின்னால் வட்டம், பகுதி, பி.ஏ., மூன்று கேமராக்கள். வரிசையில் முதலில் நின்ற அம்மாள் தட்டை நீட்டினார், அண்ணன் சாம்பாரை ஊற்றப் போனார், சரியாக அப்போது அந்த அம்மாள் எங்க வேலை என்னாச்சு என்று கேட்டுவிட்டார். அண்ணன் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி, தலையைத் திருப்பிப் பையனைப் பார்த்தார். பையன் ஓடி வந்தான்.

"அதெல்லாம் அப்புறம் அண்ணன வந்து பாருங்கம்மா. இப்ப கொஞ்சம் சிரிங்க, போட்டோ எடுக்கணும்."